பட்டியலில் இருந்த பிரெஞ்சுக்காரன்

நான் ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்கியவன். இதைச் சொன்னால் நம் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் வாயைப் பார்ப்பார்கள். மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. அதைப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

அப்பா புதுச்சேரி சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரை ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு முகாமில் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் அந்தச் சின்ன ஊரில் பிள்ளைகளுக்குப் பனித்திடலை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆறு வயதில் ஸ்கேட் மாட்டினேன். பதினெட்டில் அந்த ஊர் அணியில் ஆடினேன். அப்பா ஓய்வு பெற்று, பாரிஸில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே லா ஷப்பேல் பகுதியில் மூன்றாம் மாடியில் குடியேறினோம். வடக்குப் புறநகர் கிளப் ஒன்று என்னை எடுத்துக்கொண்டது. எண்பதுகளின் தொடக்கம் அது.

ஆறு வருடம் ஆடினேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. கோல் போட்டவர்கள் கனடாக்காரர்கள். அவர்கள் மூச்சு வாங்கப் பெஞ்சுக்கு வரும்போது ஒரு நிமிடம் நான் இறங்குவேன். எதிரணியில் பெரிய ஆள் எவனோ அவனைச் சுவரோடு சேர்த்து இடிப்பேன். அதுதான் வேலை. நன்றாக இடிப்பேன். திருப்பி இடித்ததில்தான் பல் போனது. வெளியூர் ஆட்டங்களில் என் நிறத்தைப் பார்த்துக் கூட்டம் என்ன கத்தும் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அவர்களுக்குத்தான் பெருமை.

அப்பாவுக்கு ஒரே கேள்விதான்.

"டேய், இதுக்கு ரெத்ரெத் உண்டா?"

ஓய்வூதியத்தை அவர் பிரெஞ்சுச் சொல்லில்தான் சொல்வார். வீட்டில் அது சாமி பேர் மாதிரி.

"ஹாக்கிக்கு ஏதுப்பா ரெத்ரெத்?"

"அப்ப அது வேலை இல்ல. வெளையாட்டு."

ஆறாவது வருடம் தபால் துறைத் தேர்வுக்கு அவரே மனுப் போட்டார். கையெழுத்து மட்டும் என்னுடையது. வயது வரம்பு இருந்தது. எனக்கு அதுதான் கடைசித் தடவை. தேர்வு ஒரு சனிக்கிழமை காலை. அதே சனிக்கிழமை மாலை கிழக்கு எல்லையில் ஒரு ஊரில் எங்களுக்கு ஆட்டம். பஸ் காலை ஏழரைக்கு.

பயிற்சியாளரிடம் வியாழக்கிழமை போய், சனிக்கிழமை வரமுடியாது என்றேன். எனக்கு எப்போதும் முதுகைக் காட்டியே பேசுகிற மனிதர் அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ இல்லாமல் முடியாது. கண்டிப்பாக வரவேண்டும். வா, அடுத்த வருட ஒப்பந்தத்தைப் பற்றித் தலைவரிடம் நானே பேசுகிறேன்."

ஆறு வருடத்தில் எவனும் என்னிடம் 'நீ இல்லாமல் முடியாது' என்று சொன்னதில்லை. மயங்கிவிட்டேன். மடையன்.

வீட்டுக்குக் கீழே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மளிகைக்கடை போட்டிருந்தார். ஹாக்கிப் பையோடு அப்பா முன்னால் படியிறங்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமையே பையையும் மட்டையையும் கடையில் கொண்டுபோய் வைத்தேன்.

"தம்பி, உதுக்குள்ளை என்ன, செத்த நாயோ?" என்று மூக்கைப் பொத்தினார்.

"வேர்வை அண்ணே. காயவே காயாது."

"வெங்காய மூட்டைக்குப் பக்கத்திலை வைக்காதையும். வெங்காயம் பழுதாப் போடும்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "உண்மையா ஐஸிலை சறுக்கினா காசு குடுப்பினமோ?"

"குடுப்பாங்க அண்ணே."

"பல்லுக்கும் சேர்த்தோ, பல்லுக்குத் தனியவோ?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலையில் சீக்கிரம் கடை திறக்க வேண்டும் என்று கேட்டபோது, "ஓம், ஓம், திறக்கிறன். உந்த மணத்தோடை நானும் நித்திரை கொள்ளேலாது" என்றார்.

சனிக்கிழமை அப்பா ஐந்து மணிக்கே எழுந்து என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுவைத்திருந்தார். படையில் பழகிய கை. மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "வரேம்பா" என்று இறங்கினேன். கடையில் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஆட்டத்துக்கு மூன்று பகுதி. முதல் பகுதியில் என்னை இறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தே கால் விறைத்துவிட்டது. மூன்றாவது பகுதியில் எங்கள் ஆள் ஒருவன் தோள் இறங்கி வெளியே வந்தான். நான் எழுந்து தலைக்கவசத்தை மாட்டினேன்.

"உட்கார்" என்றார் பயிற்சியாளர்.

"ஆள் குறைகிறதே. நான் போகிறேன்."

"உன் கால் எனக்கு எதற்கு? உன் அடையாள அட்டைதான் வேண்டியிருந்தது. அது பட்டியலில் ஏறியாயிற்று. உட்கார்."

பக்கத்தில் இருந்த கனடாக்காரன் தண்ணீர் குடித்துக்கொண்டே விளக்கினான். ஆட்டப் பட்டியலில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள் இத்தனை பேர் இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர்கள் இத்தனை பேர் ஆடலாமாம். அந்த வாரம் இரண்டு பிரெஞ்சுக்காரர்களுக்குக் காய்ச்சல். நான் இல்லையென்றால் இரண்டு கனடாக்காரர்களை வெளியே உட்காரவைக்க வேண்டும். "உனக்குத் தெரியாதா?" என்றான். நல்லவன்தான். அவனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

லா ஷப்பேல் மெட்ரோ பாலத்துக்குக் கீழே போலீஸ்காரன் அடிக்கடி என்னை நிறுத்துவான். அதே அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான், நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். அங்கே அட்டை இருந்தும் நான் பிரெஞ்சுக்காரன் இல்லை. இங்கே நான் தேவையே இல்லை, அட்டை மட்டும் பிரெஞ்சுக்காரன்.

வீட்டில் தேர்வு எப்படி என்று கேட்டதற்குச் சுமார் என்றேன். அப்பா நம்பினார். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு மாதம் அப்படியே விட்டேன். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மே மாதம் பயிற்சியாளர் கூப்பிட்டார். ஒரு கனடாக்காரன் பிரெஞ்சுக்காரியைக் கட்டி, அவனுக்குக் குடியுரிமை வந்துவிட்டதாம். "இனிப் பட்டியலுக்கு அவன் இருக்கிறான்" என்றார். கை கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. ஆறு வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன், எல்லாவற்றையும். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தபால்பெட்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"பரீட்சையை விட்டுட்டுப் போனியே. ஆடினியா?"

"இல்லப்பா."

"ஒரு நிமிஷங்கூடவா?"

"இல்ல."

"அப்ப அங்க என்னதான் பண்ணின?"

"உக்காந்திருந்தேன்."

சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பயிற்சியாளரை எப்போதோ மறந்திருப்பேன், இதை முடியவில்லை.

அடுத்த வாரம் ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கச் சேர்ந்தேன். இதற்குமுன் என்ன வேலை பார்த்தாய் என்று மேலாளர் கேட்டார். ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். அந்த உடம்பைப் பார்த்தும் அவர் மறுபடி கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.