ஒரு சென்டிமீட்டருக்காகக் குண்டடம் வரை

காலை பத்து மணிக்குக் கோவையிலிருந்து கிளம்பினோம். காரின் மேல் மூன்று முக்கோண அலுமினியத் தகடுகள். ஓட்டுநர் பழனிசாமி அவற்றைக் கயிற்றால் கட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே வண்டியை எடுத்தார்.

செயற்கைக்கோளின் ரேடார் பதிவுகளைப் படிப்பது என் வேலை. நிலநடுக்கத்துக்கு முன்பு எடுத்த பதிவையும் பின்பு எடுத்ததையும் ஒப்பிட்டால், நிலம் எங்கே எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்று தெரியும். அந்தக் கணக்கைச் சோதிக்க, தானாக அசையாத பாறை ஒன்று வேண்டும். குண்டடம் அருகே சுப்பிரமணியம் என்ற விவசாயி தன் மேய்ச்சல் காட்டில் இடம் தந்திருந்தார். தகடுகளை அறையின் மூலைபோலச் சேர்த்து அங்கே நிறுத்தினால், ரேடார் அலை வந்த வழியே திரும்பும்.

பதினொன்றரை மணி. திருப்பூரை ஒட்டிய நல்லூரில் ஒரு பட்டறையில் செய்யச் சொல்லியிருந்த இரும்புத் தாங்கியை வாங்கினோம். தகட்டின் துளைகளும் தாங்கியின் துளைகளும் பொருந்தவில்லை. செய்தவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மாலை ஆறரைக்குச் செயற்கைக்கோள் கடக்கும். தவறவிட்டால் அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்துத்தான்.

"பயப்படாதீங்க மேடம். எங்க மாமா பொண்ணு கவிதா ஊட்டுல பனியன் துணி பின்னற நிட்டிங் மிசினு ஓடுது. அங்க நல்ல மெக்கானிக் இருக்கறாருங்க" என்றார் பழனிசாமி.

மெக்கானிக் தீபக்குக்கு நாற்பது வயதிருக்கும். நேபாள மலையூர்க்காரர். திருப்பூருக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அளந்து, குறியிட்டு, துளை போட ஆரம்பித்தவர், இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். டிரில்லை நிறுத்திவிட்டார்.

"எங்க ஊரு ஆடுனப்ப நான் இங்கதாங்க இருந்தேன். அம்மா உசுரோட இருக்காங்களான்னு தெரியவே அஞ்சு நாளாச்சு. எந்தப் பக்கம் மலை சரிஞ்சுதுன்னு யாருக்கும் தெரியலைங்க. இது முன்னாடியே சொல்லுமுங்களா?"

"சொல்லாதுங்க. ஆனால் வந்த பிறகு, எந்தப் பக்கம் அதிகம் நகர்ந்தது என்று காட்டும். உதவிக்குப் போகிறவர்களுக்கு அது தெரிந்தால் நல்லதுதானே?" தயங்கிக் கேட்டேன், "அம்மா?"

"நல்லாயிருக்காங்க. ஊடுதான் போச்சு."

கடைசித் துளையைப் போட்டு முடித்ததும் கவிதாவிடம் போனார். "அக்கா, நானும் போயிட்டு வரட்டுங்களா?"

"நூலறுந்தா நான் பாத்துக்கறேன். போயி சரியா மாட்டிக் குடுத்துட்டு வாங்க."

இரண்டே கால் மணிக்கு நல்லூரை விட்டோம். குண்டடத்துக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். அவினாசிபாளையத்தில் டீ பதினைந்து ரூபாய். அதைத் தாண்டியதும் தென்னையும் முருங்கையும், அவற்றுக்கு மேலே காற்றாலைகளும்.

நான்கு மணிக்குப் பாறையை அடைந்தோம். சுப்பிரமணியத்துக்கு ஒரே கவலை: "ஏனுங்க, ஆடு பக்கத்துல போனா ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது மேலே ஏறாமல் இருந்தால் போதும்."

"அதுக்கு நான் பொறுப்புங்க" என்று சிரித்தபடி வேலிக்கு முள் வெட்டப் போனார்.

தகடு சரியான திசையைப் பார்க்க வேண்டும். எனக்குப் போதும் என்று பட்டபோதும் தீபக் விடவில்லை. மூன்று முறை கழற்றி மாட்டினார். கடைசி நட்டை இறுக்கும்போது மணி ஆறு பத்து.

ஆறரைக்கு நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். வானத்தில் எதுவும் தெரியவில்லை.

"பாத்துருச்சுங்களா?" என்றார் தீபக்.

"பார்த்திருக்கும். நமக்குத் தெரிய இரண்டு நாள் ஆகும்."

இரண்டாம் நாள் படம் வந்தது. வெறும் சாம்பல் நிறமாக இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. தீபக்குக்கு அனுப்பினேன். அடுத்த சுற்றுக்கு முன் தகட்டை ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். அதை ரேடார் கண்டுபிடிக்கிறதா என்பதுதான் சோதனை. "ஞாயித்துக்கெழம லீவுதானுங்க, நானே பஸ்ல போயி ஏத்திட்டு வந்தர்றேன்" என்றார்.

அடுத்த சுற்றின் பதிவும் வந்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டபோது விடை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்றே வந்தது. உடனே அவரை அழைத்தேன். பின்னால் மிசின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப எங்க மலை நகந்தாலும் சரியாத்தான் சொல்லுமுங்க" என்றார்.

வண்ணப் பட்டைகளாக வரும் நிலநடுக்க வரைபடங்களை எத்தனையோ வருடங்களாகப் பார்த்துவருகிறேன். அவற்றுக்குள் ஒருவருடைய அம்மா இருப்பார் என்று அன்றுதான் நினைத்தேன். அதைச் சொல்வதற்குள் தீபக்கே தொடர்ந்தார்:

"அந்தப் புள்ளிய அம்மாவுக்கு அனுப்பியிருக்கேனுங்க. நான் மாட்டுனது வானத்துல இருந்து தெரியுதுன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."