அவர் வேகமாகப் பந்து போட்ட காலம்

மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கழகத்துக்காக முதல்தரக் கிரிக்கெட் விளையாடுகிறார் என்றுதான் சம்பந்தம் பேச வந்தார்கள். காங்கேசன்துறையில் கடலுக்குப் போகும் என் அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு தொழிலா என்று சந்தேகம். மழை பெய்தால் ஆட்டம் நின்றுவிடும் என்று கேள்விப்பட்டதும், "உது எங்கடை தொழில் மாதிரித்தான்" என்று சம்மதித்துவிட்டார்.

கலியாணம் முடிந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தோம். அவருடைய இடது கால் பெருவிரல் நகம் எப்போதும் கறுத்துப்போயிருக்கும். பந்தை விடும்போது உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் காலில்தான் இறங்குமாம். விரல் இடிபடாமலிருக்க, புதுச் சப்பாத்தின் முனையில் நான்தான் கத்தியால் ஓட்டை போட்டுக் கொடுப்பேன். நல்ல சப்பாத்தை வெட்ட முதலில் மனம் வரவில்லை.

ஒருநாள் அவரது ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். காலையிலேயே இரண்டு விக்கெட் எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பந்தை விட்டவர், இடுப்பில் கைவைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு யாரையும் பிடிக்காமல் தானாகவே நடந்து வெளியே வந்தார்.

முதுகெலும்பின் அடியில் வெடிப்பு என்றார் டொக்டர். மாதக்கணக்கில் ஓய்வெடுத்தார், பயிற்சி செய்தார், திரும்பவும் ஆடினார். ஆனால் முன்பு துடுப்பாடுபவரின் நெஞ்சுக்கு எழும்பிய பந்து இப்போது இடுப்பளவில்தான் போனது. அடுத்த பருவத்துக்குக் கழகத்திலிருந்து அழைப்பு வரவில்லை. வேண்டாம் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் அவரை வருத்தியது. கையில் போனை வைத்துக்கொண்டே திரிந்தார். ஒரு பின்னேரம் அதை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிக் கூப்பிடமாட்டினம். நீர் என்ன சொல்லுறீர், ஊருக்குப் போவமோ?"

"ஓம், போவம்."

வேறு ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். எழும்பிப் போய் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினேன்.

ஊருக்கு வந்ததும் மருதனார்மடத்தில் ஒரு பெயின்ற் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கிரிக்கெட்டைப் பற்றி யாராவது கதைத்தால் எழும்பிப் போய்விடுவார். நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வருஷங்கள் அப்படியே போயின.

போன வருஷம், ஊர்க் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது, சும்மா வந்து நின்றால் போதும் என்று கடைக்கே வந்து கெஞ்சினார்கள். மறுக்க முடியாமல் போனார். நான் வீட்டில் தைலத்தை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

உடுப்பெல்லாம் செம்மண்ணோடு வந்தார். முதுகு நோகுதோ என்று கேட்டேன்.

"இல்லையப்பா. நாலடி நடந்து வந்து மெதுவாச் சுழற்றித்தான் போட்டனான். ஒருத்தன் மதிலுக்கு அங்காலை அடிச்சுப்போட்டான். நல்ல அடி." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அப்படி அவர் சிரித்து எவ்வளவோ காலம். "அடுத்த கிழமையும் வரட்டாம். போகட்டோ?"

ஊருக்குத் திரும்புவதைத் தவிர வேறெதையும் என்னிடம் கேட்டுச் செய்த ஆள் இல்லை அவர்.

"போங்கோவன்" என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோற்றைப் பிந்தித்தான் அடுப்பில் வைக்கிறேன்.