பட்டனை அமுக்கியாச்சு, வரலைங்க

புதுக் கம்ப்யூட்டர் உயிர் பெறாத வீட்டில் மெக்கானிக்குக் காபி கிடைக்காது, சந்தேகப் பார்வைதான் கிடைக்கும். இந்தப் பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் மெக்கானிக் பெண்ணாக இருந்துவிட்டால், ஆம்பளை யாராவது வண்டியை நிறுத்திவிட்டு வருகிறாரா என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் கடைக்குப் பெயர் 'காதர் பிரதர்ஸ் கம்ப்யூட்டர்ஸ்'. காதர் என் அண்ணன். இன்னொரு பிரதர் குவைத்துக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்வது, வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுவது, ஓடவில்லை என்றால் திட்டு வாங்குவது எல்லாம் ரஜியாவாகிய நான். போர்டில் என் பேரையும் போடுங்கள் என்று ஒருநாள் சண்டை பிடித்தேன். அண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம். நம்ம கடைப் பெட்டி ஒண்ணுகூட ரிப்பேர்னு கடைக்குத் திரும்பி வரக் கூடாது. போன எடத்துலயே நீ சரி பண்ணிட்டா, போர்டை மாத்திடறேன்."

சந்தனம்

முதல் வாரமே காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவரிடமிருந்து போன். முந்தின நாள்தான் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பிளக்கைச் சொருகினால் விசிறி சுற்றுகிறதாம், நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறதாம். வெயிலில் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு ஓடினேன்.

பெட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் வியாபாரி, மெஷினுக்கு முக்கியமான இடம் பட்டன்தானே என்று அதன் மேலேயே சந்தனத்தைக் கெட்டியாக அப்பியிருந்தார். அது இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டன் அமுங்கினபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அணைந்துபோகும். இங்கே சந்தனம் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பூஜை வைத்த சந்தனத்தைச் சுரண்ட ஒரு பாய் வீட்டுப் பெண்ணுக்கு எப்படிக் கை வரும்? நயமாகக் கேட்டு, பழைய டூத் பிரஷ்ஷை வாங்கி, மெதுவாகத் தேய்த்தெடுத்தேன். ஜம்மென்று ஓடியது. வியாபாரி சந்தனக் கிண்ணத்தை என்னிடமே நீட்டினார்: "நாங்க வச்சது அதுக்கு ஒத்துக்கல போலருக்கு. இந்த வாட்டி உங்க கையாலயே வச்சிட்டுப் போயிடுங்க."

தொங்காத ஒயர்

அடுத்தவர் சுரங்கத்தில் மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர், பெர்மனன்ட். வீடு மாதிரி பெரிய மெஷினையெல்லாம் கழற்றி மாட்டுகிறவருக்கு இந்தப் பொட்டி எம்மாத்திரம்? பாகங்களை மட்டும் எங்களிடம் வாங்கிப் போய் குவார்ட்டர்ஸில் தானே சேர்த்தார். மூச்சே வரவில்லை. "கடைக்கு எடுத்தாரட்டுமா?" என்று போனில் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே வருகிறேன், பெட்டியைத் தொடாதீர்கள் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

திறந்து பார்த்தால், உள்ளே அத்தனை சுத்தம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் சேர்த்த எதுவும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. எல்லா ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, விரற்கடைக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, ஓரமாகப் படுக்க வைத்திருந்தார். பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயரும் மதர்போர்டுக்கு கரன்ட் கொண்டுபோகிற ஒயரும் எதிலும் சொருகப்படாமல் அந்தக் கட்டுக்குள்ளேயே இருந்தன. பிரித்தெடுக்க எனக்கு ஒரு மணி நேரம். சொருகினதும் ஓடியது. ஓடுகிற மெஷினை அவர் முகம் சுளித்துப் பார்த்தார்: "இப்ப ஓடுது, சரிதாங்க, ஆனா ரெண்டு ஒயரு தொங்குதே, இன்ஸ்பெக்ஷன் வந்தா இன்னா பதில் சொல்றது?"

மாசத்தின் கடைசி நாள்

அனல்மின் நிலைய ஷிப்ட் இன்ஜினியர் ஒருவர் வீடு. அவர் காலையிலேயே ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய்விட்டார். நானும் அவர் மனைவியும்தான். கம்ப்யூட்டருக்கென்றே இன்ஜினியர் தன் கையால் புதுசாக ஒரு பிளக் பாயின்ட் இழுத்திருந்தார், பழைய பாயின்டுக்குப் பக்கத்திலேயே. அதன் மேல் நூலில் ஒரு அட்டை தொங்கியது: 'ஆட்கள் வேலை செய்கிறார்கள். இயக்காதீர்.' வீட்டில் ஏதோ விளையாட்டு என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டு பிளக்கைச் சொருகினேன்.

எரியவில்லை. கரன்ட் வருகிறதா என்று போன் சார்ஜரைப் பழைய பாயின்டில் போட்டுப் பார்த்தேன், வந்தது. அப்போதே புதுசிலும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். என் கெட்ட நேரம், பார்க்கவில்லை. ராம் மெமரியை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், பட்டனை விட்டுவிட்டு, அதன் ஒயர் போகும் இரண்டு முனையையும் மதர்போர்டிலேயே தொட்டு இணைத்துப் பார்த்தேன். பவர் சப்ளை செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். முப்பது நாள் காப்பாற்றியது கடைசி நாளில் போகிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டியில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டேன்.

அந்த அம்மா கணவருக்கு போன் போட்டு, பெட்டி கடைக்குத் திரும்பிப் போகிறது என்றார். அவர் நிதானமாகச் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. பிளான்ட்டில் வேலை முடிகிறவரை, ஃபியூஸைப் பிடுங்கியவர் தன்னிடமே வைத்துக்கொள்வாராம், அவரேதான் திரும்பப் போட வேண்டுமாம். புதுப் பாயின்டில் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி, அதனால் அதன் ஃபியூஸ் தன்னிடம் பத்திரமாக இருக்கிறதாம். வேறு ஃபியூஸ் போடலாமா, பழைய பாயின்டிலாவது சொருகலாமா என்று நான் கேட்டதற்கு, கூடவே கூடாது என்றார். ஷிப்ட் முடிந்து வந்து, ஸ்க்ரூவை முடுக்கி, அட்டையைக் கழற்றி, ஃபியூஸைச் சொருகினார். கயிற்றை அவிழ்த்து இறக்கி மாட்டிய மெஷின் ஒரே அமுக்கில் எழுந்தது. அந்த அம்மா எனக்குக் காபி கொடுத்தபடி சொன்னார்: "ஊருக்கெல்லாம் கரன்ட் குடுக்கறவரு, வூட்டு கரன்ட்ட டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துகினு போயிட்டாரு."

புது போர்டு

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. 'காதர் – ரஜியா கம்ப்யூட்டர்ஸ்', உள்ளே விளக்கு வைத்த போர்டு. அன்று மாலை அம்மா, அண்ணி, பக்கத்துக் கடைக்காரர்கள், கீபோர்டு வாங்க வந்த அந்த இன்ஜினியர் எல்லோரும் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்க, அண்ணன் சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. மறுபடி போட்டார். ஊரே என்னைப் பார்த்தது. ஏணியில் ஏறி ஒயரை ஆட்டினேன், அடாப்டரை மாற்றினேன். மதியம் போர்டை மாட்டும்போது யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாதே என்று நான் செய்த ஒரு காரியம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. இன்ஜினியர் ஏணிக்குக் கீழே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "ஏம்மா, உன் கைப்பையைக் கொஞ்சம் திறந்து பாரு."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், அவர்கள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் என் கைப்பையைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.