ஏழாம் பகுதிக்கு ஒரு சொல்

"முழுமையாகப் பூர்த்தி செய்யப்பட்ட விண்ணப்பத்துக்குப் பதினான்கு வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரப்பட வேண்டும்." ஆராய்ச்சிகளுக்கு மானியம் தரும் அரசு அலுவலகத்தின் விதி இது. ஆயுளில் பாதியை அரசாங்க ஆபீசில் கழித்தவன் நான். இத்தகைய விதிகளை எழுதுகிறவர்களைத் தெரியும். நல்லவர்கள். முற்றுப்புள்ளி வைத்ததும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

விண்ணப்பம் என்னுடையதல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சமூகவியல் ஆராய்ச்சி செய்கிற பெண்ணுடையது. தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையை மூடப்போவதாகத் தோட்ட மேனேஜர் அறிவித்திருந்தார். பழைய அரசாங்கக் கணக்கெடுப்பு அவருக்கு ஆதாரம்: லயத்து வரிசை வீட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆயா எதற்கு?

முதல் வருட மானியத்தில் அவள் இரண்டு லயங்களில் வீடு வீடாக மறுபடி விசாரித்திருந்தாள். மற்றவற்றுக்கு இரண்டாம் வருட மானியம் வேண்டும். தைப்பூசத்துக்குள் அனுமதிக் கடிதத்தைக் காட்டினால் மூடுவதை ஒத்திவைப்பதாக மேனேஜர் சொன்னார்.

விண்ணப்ப பாரத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். சிக்கல் ஏழாம் பகுதியில்: 'ஆய்வினால் நாட்டுக்குக் கிடைத்த பயன். கண்டுபிடித்த பொருள் அல்லது கருவியைக் குறிப்பிடவும்.'

"பொருளுக்கு நான் எங்க போறது அங்கிள்? புது ஸ்ட்ராபெரியா கண்டுபிடிச்சேன்? ஒரு வார்த்தைதான் கண்டுபிடிச்சிருக்கேன்."

"என்ன வார்த்தை?"

போனில் பதிவு செய்திருந்த பேச்சைப் போட்டாள். முதலில் கேட்டது அவள் குரல்.

"என்னக்கா வேலை செய்றீங்க?"

"வேலையா? சும்மாதான்மா இருக்கேன்."

"அப்ப காலைல அஞ்சு மணிக்கு லோரில ஏறிப் போறது யாரு, உங்க தங்கச்சியா?"

"ஐயே, அது கம்போங் ராஜாவுல கோபிஸ் வெட்டப் போறதுலா. அதெல்லாம் ஒரு வேலையா? தோட்டத்து செக்ரோல்ல பேரு இருந்தாத்தானே வேலை!"

தோட்டத்துப் பதிவேட்டில் பெயர் இல்லாத எந்த உழைப்பும் எங்கள் ஆட்களுக்குச் சும்மாதான். நாள் முழுக்கப் பனியில் குனிந்து முட்டைக்கோஸ் வெட்டினாலும் சும்மா. யாரோ ஓர் அதிகாரி அந்தச் சும்மாவைக் கேட்டு, 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவள் பையிலிருந்து பழைய கணக்கெடுப்பு பாரத்தின் நகலை எடுத்தாள். கீழே இருந்த கையெழுத்தைக் காட்டினாள்.

"இது உங்களுது மாதிரி இருக்கே அங்கிள்."

"மாதிரி இல்ல. என்னுதுதான்."

"அன்னிக்கு ரொம்ப அவசரமோ?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

நான் சொல்லச் சொல்ல ஏழாம் பகுதியை அவள் மலாயில் எழுதினாள். கண்டுபிடித்த பொருள்: ஒரு சொல். பயன்: அந்தச் சொல்லின் பொருள் விளங்காமல் அரசாங்கம் எடுத்த கணக்கைத் திருத்தியது. இணைப்பு: தவறாக டிக் அடித்த அதிகாரியின் ஒப்புதல் கடிதம், கையொப்பத்துடன், மூன்று பிரதிகள். என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமான விண்ணப்பம் என் மேசைக்கு வந்ததே இல்லை.

பதினான்கு வேலை நாட்கள் போயின. நினைவூட்டல் ஒன்று எழுதினேன். விதி எண்ணைக் குறிப்பிட்டு இன்னொன்று. போன் செய்தால் ஆபீசர் மீட்டிங்கில். மூன்றாம் முறை ஆபீசரே எடுத்துவிட்டார், பாவம். இளம் மலாய்க்காரர்.

"உங்கள் சும்மாவும் எங்கள் சூமாவும் ஒன்றா?" என்று மலாயில் கேட்டார்.

"எங்களிடமிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள்" என்றேன்.

"என் அம்மாவும் சூமா வீட்டில் இருக்கிறேன் என்பார். விடியுமுன் எழுந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டி விற்கிறவர்." பிறகு, கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடுவதாகச் சொன்னார்.

கொட்டகையில் ஆயா தொட்டில் சேலைகளை அவிழ்த்து மடிக்கத் தொடங்கியிருந்தாள். பாதி மடித்திருந்தபோது அனுமதிக் கடிதத்தோடு ஆராய்ச்சிப் பெண் ஓடி வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, தைப்பூசத்துக்கு முந்தின நாள்.