முனியாண்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு

பாடாங் மேஹாவில் வேலை கிடைக்காமல், தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்துகொண்டிருக்கிறேன். மழை பிடித்துக்கொள்ள, முனியாண்டி கோயிலின் தகரக் கூரைக்குள் ஒதுங்குகிறேன். உள்ளே ஒரு பெண் பூஜை செய்கிறாள். சூலத்தின் அருகே, முழங்கை நீளத்துக்குத் துருப்பிடித்த இரும்பு ஒன்று மஞ்சள் பூசி, பொட்டு வைத்து நிற்கிறது. அதன் தலையில் சூடத்தை வைத்துத் தீக்குச்சியை எடுக்கிறாள். அடியில் சிறகு போன்ற தகடுகளைப் பார்த்ததும் குறுக்கே பாய்கிறேன்.

"அக்கா, கொளுத்தாதீங்க! அது மோர்ட்டார் குண்டு. சண்டைக் காலத்துல சிப்பாய்ங்க தோள்ல சொமந்துக்கிட்டுப் போன கொழாய்ல போட்டுச் சுடுறது."

"சும்மா பயங்காட்டாதே லா தம்பி. மூணு வெள்ளிக்கிழமையா சூடம் ஏத்துறேன், சாமி ஒண்ணும் பண்ணலையே."

"மெர்கோங்ல பழைய இரும்புக் கடையில இருந்தேன்க்கா. இதே மாதிரி ஒண்ண கேஸ் வெச்சு அறுத்தவனுக்குக் கையே போயிருச்சு. எங்க கெடச்சது இது?"

"எங்க வீட்டுக்காரரு செம்பனைக் கன்னுக்குக் குழி வெட்டறப்போ கெடச்சுச்சு, சாமின்னு கொண்டாந்தாரு." தீக்குச்சி கையிலிருந்து விழுகிறது. "ஐயோ, இப்பவும் அங்கதான் வெட்டிக்கிட்டு இருக்காரு!"

மழையில் ஓடுகிறாள், நானும் பின்னால் ஓடுகிறேன். அவள் அலறியதும், ஓங்கிய மண்வெட்டியோடு அவள் கணவர் அப்படியே நிற்கிறார். பிறகு தன் பழைய காலடித் தடங்களிலேயே கால் வைத்து வெளியே வருகிறார்.

சாயங்காலம் போலீஸ் குண்டை எடுத்துப் போகிறது. கருவி வைத்துத் தேடிவிட்டு, வேறு எதுவும் இல்லை என்கிறார்கள். அவர் நம்பவில்லை. இனி அங்கே இறங்க மாட்டேன் என்று, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்லிவிடுகிறார்.

மறுநாள் காலை, அவர் பாதியில் விட்ட குழியில் கூலிக்கு நான் இறங்குகிறேன். மண்வெட்டி கல்லில் பட்டால்கூட நிறுத்தி, கையால் மண்ணை விலக்கிப் பார்க்கிறேன்.