என் தொப்புள் உயரமும் ஒரு வேனின் சாய்வும்

எண்பதுகளின் பிற்பகுதியில், பெரம்பலூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் என்று ஒரு வதந்தி இருந்தது. கிளப்பியவன் நான்தான். அது பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்திருந்தேன், அதுவும் முக்கால்வாசி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

லப்பைக்குடிக்காட்டு நண்பன் ஒருவன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். டிவியோடு இணைத்து, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டால் ஓடும். வந்த கையோடு, வெள்ளைக்காரப் பயணிகள் கைவிட்டுப் போன பழைய வேன் ஒன்றையும் வாங்கினான். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. தரைத்தகட்டை மட்டும் துரு தின்றிருந்தது.

எல்லாம் அவன் அம்மாவுக்காக. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய், இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். அரியலூரில் கட்டிக்கொடுத்த மகளின் வீட்டை ஒருதரம் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. படுத்தபடியே போக வேன் சரி. பக்கத்தில் ஆள் நின்று கவனிக்க, கூரையை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். உயர்த்தினால் வளைவில் கவிழுமா?

"அதெல்லாம் கவுறாது பாய். எத்தன லாரிக்கி பாடி கட்டியிருக்கேன்" என்றார் கூரை வேலையை எடுத்திருந்த வெல்டர்.

"இவர் வாய்ச்சொல்ல நம்பி அம்மாவ ஏத்த மாட்டேன். மாப்ளே, நீ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லிரு" என்றான் நண்பன்.

சரி என்று தலையாட்டினேன். அதுதான் ஆரம்பம்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு என்ஜின் இன்னும் சரியாகாத வேனைக் கட்டி இழுத்துப்போய் எடை போட்டோம். சக்கரங்களின் இடைவெளியை அளந்தோம். அவையெல்லாம் நிஜ எண்கள். வண்டியின் பாரத்துக்கு நடுப்புள்ளி தரையிலிருந்து எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் எந்த எடைமேடையும் சொல்லாது. வேனுக்குப் பக்கத்தில் நின்று யோசித்தேன். ஏறக்குறைய என் தொப்புள் மட்டம் என்று தோன்றியது. டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைத் தட்டினேன்.

சொந்தபந்தமெல்லாம் நண்பன் வீட்டுக் கூடத்தில் கூடியிருக்க, டிவியில் கோடுகளாக வேன் எழுந்தது. கூரை உயர்ந்தது. மெல்லச் சாய்ந்து ஓரிடத்தில் நின்றது. முப்பத்துநான்கு டிகிரி சாய்வு வரை கவிழாது என்று எழுத்து வந்தது.

"டிவியிலயே சொல்லிருச்சே!" வெல்டர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சொன்னது என் தொப்புள் என்பது எனக்கு மட்டுமே தெரியும். மறுநாள் தனியாக உட்கார்ந்து அந்த உயரத்தை ஒரு சாண் ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். எண் இருபத்தெட்டுக்கு இறங்கியது. யாரும் வருவதற்குள் டிவியை அணைத்தேன். அதன்பின் கரும்பலகையில் நான் வரைந்த முக்கோணங்கள்கூட ஒருபக்கமாகச் சாய்ந்தன. தினமும் பட்டறைக்குப் போய், உயர்ந்துகொண்டிருந்த கூரையைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். பிறகு அம்மாவின் நாத்தனார் ஏறினார். நண்பனின் மச்சான் ஏறினார். அரிசி மூட்டை, பிரியாணி தேக்சா, அதற்குக் காவலாக இரண்டு பேர். பதினொன்று வரை எண்ணினேன். மகள் வீட்டுக்குப் போகும் வண்டியை இந்த ஊரில் யாரும் காலி இடத்தோடு அனுப்பமாட்டார்கள். நண்பன் வீட்டில் அத்தனை வருஷம் சாப்பிட்டும் இது தோன்றாமல், புரோகிராமில் நாலு பேரைத்தான் போட்டிருந்தேன்.

ஜன்னல் வழியாக அம்மா பார்த்தார். "என்னா தம்பி, மூஞ்சி இப்புடி வெளுத்துக் கெடக்கு?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "நாலு பேருக்குத்தாம்மா கணக்குப் போட்டேன். அதுலயும் ஒரு எண்ணு குத்துமதிப்புங்க. கவுறாதுன்னு எனக்கு நெசமாத் தெரியாது."

அம்மா கூரையை ஒருதரம் பார்த்தார். வாய் கோணியிருந்தாலும் குரல் கோணவில்லை. "நாலு பேருக்கு மேல ஏறுனா கவுந்துருமாம்! டிவியில சொன்னுச்சாம்! எறங்குங்க எல்லாரும்." நாத்தனார் பக்கம் கண்ணைத் திருப்பினார். "மொதல்ல நீ எறங்குடி."

முனகிக்கொண்டே இறங்கினார்கள். மிஞ்சியது அம்மா, வண்டி ஓட்டும் மகன், மருமகள்.

"நாலாவது நீதான். ஏறு" என்றார் என்னிடம்.

"எனக்கு ஸ்கூலுக்கு..."

"ஞாயித்துக்கெழம என்னா ஸ்கூலு? கணக்குப் போட்டவன் கூட வரணும்ல?"

ஏறினேன். ஏரிக்கரை வளைவில் வண்டி தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. பாத்திரங்கள் உருண்டன. புது வெல்டிங் எங்கோ கிறீச்சிட்டது. நான் கட்டில் காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன்.

"கைய எடு தம்பி. நீ புடிச்சா நின்னுருமா?" அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை, ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நிமிர்ந்தது. "இன்னும் எத்தன வளைவுடா?" என்றேன். நண்பன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். "எண்ணாதடா, கைய வையி!" என்று கத்தினேன். அம்மா சிரித்தார்.

அரியலூரில் மகள் தெருவுக்கே ஓடிவந்தாள். அம்மா அங்கேயே ஒரு வாரம் தங்கிவிட்டார். அன்று மாலை நாங்கள் திரும்பும்போது அதே வேனில் வரச் சொன்னான் நண்பன். நான் அவசர வேலை என்று சொல்லி, கூரையிலும் ஆள் ஏறியிருந்த ஒரு பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கியபடி, சற்றும் பயமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.