மொஹசின் பாயின் முடி நண்டு

"இன்னா மொறைக்கிற? சிங்கப்பூரு போவப்போற, மூஞ்சிய சிரிச்ச மாதிரி வெச்சிக்கோ."

மொஹசின் பாய் திட்டிக்கொண்டே நண்டின் முதுகைப் பிரஷ்ஷால் தேய்க்கிறார். பாசி போனதும், காலால் மெல்ல அழுத்திக்கொண்டு, கொடுக்குகளை நைலான் கயிற்றால் கட்டி ஈரச் சாக்கு விரித்த கூடையில் போடுகிறார். பழவேற்காட்டு ஏரி நண்டுகளில் பாதி இவரிடம் வசவு வாங்காமல் விமானம் ஏறுவதில்லை.

பாயின் வலது கைக் கட்டைவிரலில் அரை நகம்தான் இருக்கிறது. மீதி எங்கே என்று கேட்டால், "எட்த்தவன் அப்பவே எக்ஸ்போர்ட் ஆயிட்டான்" என்பார். டீக்கடைப் பேப்பரில் அரசியலைத் தள்ளிவிட்டுக் கடல் செய்தி தேடுவார். ஆமையோ திமிங்கிலமோ, படித்து முடித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு, பெரும்பாலும் எனக்கு, விடுதலை கிடையாது.

போன மார்ச்சில் வந்த செய்தி மனிதரை ஆட்டிவைத்துவிட்டது. பசிபிக் கடலின் ஆழத்தில், கைகால் எல்லாம் ரோமம் வளர்ந்த புது வகை நண்டு! புது உயிருக்கு ஆட்களின் பெயரையும் வைப்பதுண்டு என்று, ஏரிக்கு ஆராய்ச்சிக்காக வரும் விக்டோரியா மேடம் வேறு சொல்லிவைத்தார்.

"நம்ம ஏரில ஒண்ணு கெடைக்கட்டும், ரமீஸான்னு வெக்கிறேன்," என்றார் பாய், மனைவியிடமே.

"தாராளமா வெய்யிங்க. அப்பால கொழம்புல போட்டுடாதீங்க," என்றார் ரமீஸா. ஆனாலும் முகத்தில் வெட்கம் தெரிந்தது.

கிடைத்தே விட்டது. வெள்ளிக்கிழமை வந்த நண்டுகளில் ஒன்றுக்குக் காலெல்லாம் நீளநீளமாய்ப் பச்சை முடி. தினமும் பாசி தேய்க்கிற மனிதர் அதை மட்டும் தேய்க்கவில்லை. பிரஷ்ஷையே ஒளித்துவைத்தார். தொட்டியில் விட்டு, விக்டோரியாவுக்குப் போன் போட்டார். அவர் வரும்வரை பாய்க்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டியைச் சுற்றிக் கூடிய கூட்டத்துக்கு நடுவே விக்டோரியா குனிந்து பார்த்தார். பிரஷ் கேட்டார். நாலு இழுப்பில் முடி மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

"பாசிதான் பாய். நம்ம சேத்து நண்டுதான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குப் பாயின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அவரோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "ஷேவிங் பண்ணிக்கினு வந்திருக்கக் கூடாதா? ஒரே பேஜாராப் பூட்ச்சே!"

"நல்ல வெயிட்டு பாய். கட்டிடலாமா?" என்று கூடைக்காரர் பரசுராமன் கயிற்றை நீட்டினார்.

பாய் அதை வாங்கவில்லை. நண்டைப் பின்பக்கமாக இரு கையாலும் பிடித்துக்கொண்டார். முழங்கால் தண்ணீர்வரை இறங்கிப் போய், குனிந்து, "பத்திரமா போ ரமீஸா," என்று ஏரியில் விட்டார்.